கஞ்சிக்குத் தூக்குச்சட்டி

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை நல்லதே என்று சொல்லாதார் நம்மில் அரியர். ஆயினும் அன்பர்களே, நோன்பு நாளில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தைப் பாருங்கள். ஆவி பறக்கும் கஞ்சியை மெல்லிய பையில் வாங்கிச் செல்வோர் இன்றும் உளர். மறுநாள் அப்பை சாக்கடையை அடைக்கிறது. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, இடரை நாமே போடலாமா?

பாட்டிமார் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி பரணில் கிடக்கும். ரமளானுக்குமுன் இறக்கித் துலக்குங்கள். பாத்திரமின்றி வரும் ஏழையைத் திருப்பியனுப்புவது தகாது. ஜமாஅத்தார் பத்துப் பாத்திரங்களை இரவலுக்கு வைக்கலாமே!