மீன் தலையும் பொலித்தீன் பையும்



கல்முனைச் சந்தையில் ஒரு கிலோ சூரை வாங்கும்போது விலையைத்தான் பார்க்கிறோம். அந்த ஒரு கிலோவுக்குக் கடல் கொடுத்த விலை என்ன தெரியுமா? சூரை, சாளை போன்ற சிறு மீன்களைத் தின்கிறது. அவை கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைத் தின்கின்றன. அந்த உயிர்களோ, சூரிய வெளிச்சத்தில் தம் உணவைத் தாமே ஆக்கும் நுண்பாசிகளைத் தின்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சக்திதான் ஏறுகிறது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் மூச்சிலும் நீச்சலிலும் வெப்பமாகிப் போய்விடும். 1942 இல் ரேமண்ட் லிண்டெமன் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி ஓர் ஏரியை ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு வழி திறந்தார். குத்துமதிப்பாகச் சொன்னால், ஒரு கிலோ சூரைக்குப் பின்னால் 1000 கிலோ பாசி இருக்கிறது. இது தெரிந்தால் ஆணத்தை வீணாக்க மனம் வருமா?

வெப்பமாய்ப் போன சக்தி திரும்பாது. பொருள் அப்படியல்ல, சுற்றிச் சுற்றி வரும். மீன் தலையை முருங்கையடியில் புதைத்தால் புழுவும் பூஞ்சணமும் கிருமிகளும் அதைப் பிரித்துப் பசளையாக்கி வேருக்குக் கொடுத்துவிடும். காட்டு யானையும் அல்லாஹ் படைத்த இப்படியொரு வேலையாள்தான். தின்றதில் பாதிகூட அதற்குச் செமிப்பதில்லை. அதன் சாணத்தில் விதைகள் முளைக்கின்றன, வண்டுகள் பிழைக்கின்றன.

நாம் செய்வதென்ன? அந்த மீன் தலையைப் பொலித்தீன் பையில் போட்டு, முடிச்சும் இறுக்கி, குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம். யானைக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது. மணம் பிடித்து வந்து பையோடு விழுங்கும்.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் இதுதான் நடந்தது. சுற்றியுள்ள 9 கிராமங்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. 2014 இல் மின்வேலியை மின்னல் தாக்கியது, அது திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்து பழகிவிட்டன. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் இறந்தவை ஏறக்குறைய 20 என்று கணக்குச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் மிருக வைத்தியர் கண்டவை பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், பிளாஸ்டிக்கும், தண்ணீரும்தான். யானை வழக்கமாகத் தின்னும் தீனி இல்லை. வயிறு நிறைந்திருந்தும் பட்டினி! யானை மக்கி மண்ணாகும். பை அப்படியே கிடக்கும், அடுத்த மிருகம் வரும்வரை.

"வேலி போடுவது அவர்கள் வேலை, நாம் என்ன செய்ய?" என்பீர்கள். வேலி அவர்கள் பொறுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் சோற்றையும் பையையும் ஒன்றாகக் கட்டியது நம் குசினியல்லவா?

சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வளவு சுருங்கிவிட்டது, கிடங்கு வெட்ட இடமில்லை என்பதும் உண்மை. பழைய பெயின்ற் வாளியொன்றின் அடியில் நாலு துளை போடுங்கள். ஒரு பிடி குசினிக் கழிவு, அதன்மேல் இரண்டு பிடி சருகு அல்லது தும்பு, அதற்குமேல் மண். மீன் கழிவென்றால் ஆழத்தில் வைத்து மண்ணைக் கனமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் பூனை கிளறும், ஈ மொய்க்கும். சில மாதங்களில் கிடைக்கும் கறுப்புப் பசளை கறிவேப்பிலைக்கு அருமை. பையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வேறாகக் கொடுங்கள். சோற்று வாசம் இல்லாத பையை யானை தேடி வராது.