சில்லு என்ன சில்லறை விஷயமா?

அமெரிக்காவில் டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கால்ஃப் மாதிரியேதான். ஆனால் பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை குறைந்த வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 1975-ல் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் ஓக் க்ரோவ் பூங்காவில் இதற்காக முதல் மைதானம் போட்டார். மரத்தையும் குப்பைத் தொட்டியையும் குறி வைத்துச் சிலர் பொழுதுபோக்காக எறிந்துகொண்டிருந்தது, இன்று சங்கம், சட்ட திட்டம், பரிசுப் பணம் எல்லாம் உள்ள விளையாட்டு.

இதில் ‘பட்டர்’ என்று ஒரு வகைத் தட்டு. (வெண்ணெய் இல்லை. பெருமாள் கோயில் பட்டரும் இல்லை.) கூடைக்கு அருகில் வந்தபின் எறிவதற்கானது. கொஞ்சம் தள்ளி நின்று கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வீச்சுக்கும் இதையே எடுக்கிறார்கள். அந்த வீச்சுக்கு அப்ரோச் என்று பெயர். எந்த பட்டரை எடுப்பது என்பதில்தான் சண்டையே. விளிம்பு மொண்ணையாக இருந்தால் வேகம் குறைவு, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் என்றால் விழுந்த இடத்தில் உட்காரும். பளபளவென்று கெட்டியாக இருந்தால் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். காற்று அடிக்கிற நாளில், கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டென்று இறங்கிவிடும் ரகம்தான் நல்லது. எடைக்கும் சட்டம் இருக்கிறது. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் கூடாது. எவ்வளவு பெரிய தட்டானாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று பட்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு, இந்தக் காற்றுக்கு இது, அந்தச் சரிவுக்கு அது என்று மாற்றி மாற்றி எறிகிறார்கள்.

சிரிக்கிறீர்களா? ‘வேலை வெட்டி இல்லாதவர்கள், ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று கேட்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். வாசுதேவநல்லூருக்குப் போகலாம்.

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் இருக்கிறது வாசுதேவநல்லூர். மேற்கே மலை. ஊருக்குள் அர்த்தநாரீஸ்வரர் கோயில். பூலித்தேவனின் கோட்டை இருந்த இடம். அந்த வட்டாரத்தில் பாண்டி ஆடி வளர்ந்த ஒரு பெண்ணைப் பிடித்து, ‘சில்லுக்கு எது நல்லது?’ என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது வயசானாலும் ஐம்பது வயசானாலும் பதில் சொல்லுவாள். பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் சொல்லுவாள்.

பாண்டி தெரியாதவர்களுக்கு (அதாவது ஆண்களுக்கு): தரையில் கட்டம் கிழித்து, ஒரு சில்லை முதல் கட்டத்தில் எறிந்து, ஒற்றைக் காலில் நொண்டிப் போய், கோட்டை மிதிக்காமல் அதை எத்தி வெளியே கொண்டுவர வேண்டும். அப்புறம் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். சில்லு கோட்டில் விழுந்தால் அவுட். அடுத்த கட்டத்துக்கு உருண்டு போனாலும் அவுட். எல்லாக் கட்டமும் முடித்தபின் சில்லைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ‘ரைட்டா, ரைட்டா?’ என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். ஊருக்கு ஊர் பெயரும் விதியும் கொஞ்சம் மாறும். சாரம் இதுதான்.

இப்போது சில்லுக்கு வருவோம். மண்பானை ஓடு கைக்கு அடக்கம். ஆனால் வளைவாக இருக்கும். வயிறு கீழே பட விழுந்தால் தொட்டில் மாதிரி ஆடும், நகரும். கவிழ்ந்து விழுந்தால் நாலு பக்க ஓரமும் மண்ணைக் கவ்வி நிற்கும். அதனால் எறியும்போதே எந்தப் பக்கம் கீழே என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். சீமை ஓட்டுத் துண்டு தட்டை, சொரசொரப்பு, விழுந்தால் அசையாது. ஆனால் தடிமன் அதிகம் என்றால் எத்தும்போது பெருவிரல் நகம் பேர்ந்துவிடும். கருங்கல் சில்லு துள்ளும். டைல்ஸ் துண்டின் ஒரு பக்கம் கண்ணாடி, மறு பக்கம் வரி வரியாக இருக்கும். கண்ணாடிப் பக்கம் கீழே விழுந்தால் நாலாம் கட்டத்தில் போட்டது ஆறாம் கட்டத்தில் போய் நிற்கும். பிளாஸ்டிக் மூடி எத்துவதற்குச் சுகம். ஆனால் ஆனி, ஆடியில் சாரல் காற்று மலையிலிருந்து இறங்கும்போது எறிந்து பாருங்கள். மூடி ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

கிட்டத்துக் கட்டத்துக்கு லேசான சில்லு போதும். ஏழு, எட்டு என்று தூரம் போகப் போக கனம் வேண்டும். ஆனால் கனம் கூடினால் எத்துவது கஷ்டம். எறிவதற்கு நல்லது எத்துவதற்கு ஆகாது. எத்துவதற்கு நல்லது எறிவதற்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி எடுத்து, முனை மழுங்கும்வரை கல்லில் உரசி, வட்டமாக்கி, பாவாடை முடிச்சில் வைத்துக்கொள்கிறாள் ஒன்பது வயசுப் பெண். எடை, உராய்வு, காற்று, வடிவம்... அமெரிக்காக்காரன் பிளாஸ்டிக்கில் பார்க்கிற அத்தனையையும் அவள் ஓட்டில் பார்த்துவிட்டாள். பைசா செலவில்லாமல்.

இரண்டு ஆட்டத்துக்கும் தத்துவம் ஒன்றுதான். ரொம்ப தூரம் எறிவது திறமை அல்ல. நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்க வைப்பதுதான் திறமை.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே அந்த அறிவை எழுதி வைத்தார்கள், அளந்தார்கள், விதி போட்டார்கள். ஹெட்ரிக் 2002-ல் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். அவ்வளவு மரியாதை. இங்கே நாம் என்ன செய்தோம்? ‘பொட்டப் புள்ளைங்க விளையாட்டு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டோம்.

எறிதலுக்கு நம்மிடம் மரியாதை இல்லை என்று சொல்ல முடியாது. வளரிக்கு இருக்கிறதே! பாளையக்காரர்களைப் பற்றி எந்த மேடையில் பேசினாலும் வளரி வந்துவிடும். சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக் கொடுத்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நூறு கஜ தூரத்துக்குக் குறி தப்பாது என்று வியந்திருக்கிறார். மரத்தில், இரும்பில், தந்தத்தில்கூட வளரி செய்தார்கள். ஒரு முனை கனம், ஒரு முனை லேசு. லேசான முனையைப் பிடித்துச் சுழற்றி எறிய வேண்டும். அருமையான பொறியியல். மியூசியத்தில் வைத்திருக்கிறோம், வைக்க வேண்டியதுதான். ஆட்சேபமே இல்லை.

என் கேள்வி வேறு. ஆண் எறிந்து ஆளை வீழ்த்தினால் வீரம். பெண் எறிந்து கட்டத்தில் நிறுத்தினால் பொழுதுபோக்கா?

மியூசியம் என்றதும் கீழடி ஞாபகம் வருகிறது. அங்கே பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அத்தனையும் பாண்டிச் சில்லுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எடைக்கல்லாக, ஜாடி மூடியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் தொல்லியல் துறையே அவற்றை விளையாட்டுச் சில்லு என்ற பெயரில்தான் பட்டியல் போடுகிறது. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய், கண்ணாடிக்குள் இருக்கிற பழம்பொருட்களை போட்டோ எடுத்துக்கொண்டு, ‘ஆஹா, தமிழன் அன்றைக்கே...’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். வீட்டுக்கு வந்து, வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்த மகளை, ‘தரையெல்லாம் ஏன் கிறுக்கி வைக்கிற?’ என்று அதட்டுகிறோம். செத்த சில்லுக்குக் கண்ணாடிப் பெட்டி, உயிரோடு இருக்கிற சில்லுக்கு விளக்குமாறு!

பாண்டி ஆட்டம் ஏன் மறைந்துகொண்டு வருகிறது என்று கேட்டால் உடனே, ‘எல்லாம் இந்த செல்போனால் சார்’ என்பீர்கள். சௌகரியமான பதில். குற்றவாளி சட்டைப் பையில் இருக்கிறான், நாம் தப்பித்தோம். ஆனால் செல்போன் வருவதற்கு முன்பே மூன்று பேர் வேலையை முடித்துவிட்டார்கள்.

முதல் ஆள், சிமென்ட். சந்து பொந்தெல்லாம் கான்கிரீட் போட்டோம். மீதி இடத்தில் பேவர் பிளாக் பதித்தோம். சேறு போனது, நல்லதுதான். மண்ணும் சேர்ந்து போனதே? சிமென்ட்டில் எந்த ஓடும் துள்ளும், நொண்டி அடித்தால் முழங்கால் சிராய்க்கும். போதாக்குறைக்கு அந்த வழுவழு ரோட்டில் பைக் பறக்கிறது. தெருவை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, குழந்தை தெருவில் விளையாடவில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

இரண்டாவது ஆள், கணக்கு வாத்தியார். டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கும். ஆனால் அது அவருடைய பினாமி சொத்து. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், வகுப்புக்கு விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மைதானம் இருக்கிற பள்ளியிலும் பாருங்கள். நடுவில் பையன்கள் கிரிக்கெட். ஓரத்தில், சுவரை ஒட்டி, பெண் பிள்ளைகள் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களாக ஆசைப்பட்டு அங்கே நிற்கவில்லை, தள்ளப்பட்டு நிற்கிறார்கள்.

மூன்றாவது ஆள்தான் பெரிய ஆள். நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ‘ஏட்டி, பெரிய மனுஷி ஆயாச்சு, இன்னும் என்ன தெருவுல நொண்டியடிச்சிக்கிட்டு? உள்ள வா!’ இந்த ஒரு வாக்கியம் எத்தனை ஆயிரம் சில்லுகளைக் கீழே போட வைத்திருக்கும்! அதே வயசில் அண்ணன்காரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனால், ‘வெயில்ல சுத்தாதடே’ என்பதோடு சரி.

இதன் விலை என்ன தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் வெளியானது. 146 நாடுகளில் 11 முதல் 17 வயசு வரை உள்ளவர்களைப் பற்றியது. போதுமான அளவு உடலை அசைக்காத பையன்கள் நூற்றுக்கு 78 பேர், பெண்கள் 85 பேர். ஓடியாடாத உடம்புக்கு என்னென்ன வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் கிளினிக் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

‘சரி சார், பாண்டிக்கு சர்டிபிகேட் உண்டா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா?’ என்று ஒருவர் கேட்பார். கட்டாயம் கேட்பார். கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கோ-கோவுக்கு 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்து, ஆண்கள், பெண்கள் இரண்டிலும் இந்தியா ஜெயித்தது. சந்தோஷம். பாண்டிக்கும் ஒரு சம்மேளனம், அதற்கு ஒரு தலைவர், அவருக்கு ஒரு சால்வை என்று ஆரம்பித்தால் ஆட்டம் அம்பேல். பாண்டியின் பெருமையே அதற்கு அம்பயர் கிடையாது என்பதுதான். கோட்டை மிதித்தாளா இல்லையா என்பதை ஆடுகிறவர்களே பேசி, சண்டை போட்டு, முடிவு பண்ணுவார்கள். சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடுகிறார்களே, அதுவும் அப்படித்தான். நடுவர் கிடையாது, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிறார்கள். அதைப் பார்த்து ‘என்ன ஒரு முற்போக்கு!’ என்று வியக்கிறோம். வாசுதேவநல்லூர்த் தெருப் பெண்கள் அந்த நீதிமன்றத்தை எப்போதோ நடத்தியவர்கள்.

தமிழக கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டம் 2024-ல் தொடங்கியது. வரவேற்கிறேன். கூடவே ஒரு கேள்வி. உங்கள் ஊரில் அந்தப் பையைத் திறக்கிறவர் யார்? அதிலிருந்து எடுத்து விளையாடுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? போய் எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பதற்கு டெண்டர் விட வேண்டாம், அடிக்கல் நாட்ட வேண்டாம். ஒன்று: தெருவுக்கு சிமென்ட் போடும்போது, கோயில் முன்னாலோ ரேஷன் கடை பக்கத்திலோ இருபதடிக்குப் பத்தடி மண்ணை மண்ணாகவே விட்டு வையுங்கள். இரண்டு: பி.டி. பீரியடில் வாரத்தில் ஒரு நாளாவது மைதானத்தின் நடுப்பகுதி பெண் பிள்ளைகளுக்கு. பையன்கள் அன்றைக்கு ஓரமாக நிற்கட்டும், உயிர் போய்விடாது. மூன்று: ‘பெரிய மனுஷி’ வசனத்தை இன்றோடு நிறுத்துங்கள். இந்த மூன்றாவதற்குக் காலணா செலவில்லை. ஆனால் இதுதான் ரொம்ப கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்று சாயந்திரம் உங்கள் அம்மாவிடமோ மனைவியிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். ‘சின்ன வயசுல நீ எந்தச் சில்லு வச்சிருந்த? கடைசியா எப்ப ஆடின?’ முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். அந்த வயசில் உங்கள் வீட்டில் இப்போது ஒரு பெண் இருக்கிறாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.