கைபழகினால் விளங்கும் வரலாறு

பாட்டின் வரலாற்றை ஏட்டில் மட்டும் பயின்று முடித்துவிட இயலுமா? இயலாது என்பதே நம் கருத்து.

கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளை நாம் மனனம் செய்கிறோம். ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது என எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயினும் இவற்றுள் பல, மக்கள் கூடியிருந்து பாடக் கேட்டவை. அவ்வோசை நம் வகுப்பறைக்குள் வருவதில்லை.

ரமலான் இரவுகளில் தாயிரா கொட்டிச் சஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களை நம் மூத்தோர் அறிவர். தாயிரா என்னும் அரபுச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். அரபியரின் தஃப், போர்த்துக்கல் சென்று 'அதூஃபெ' எனப் பெயர் பெற்றது. அவ்வினத்தைச் சேர்ந்த 'பந்தேய்ரு' பிரேசில் நாட்டுச் சம்பா இசையில் இன்றும் முழங்குகிறது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் வளர்த்த சம்பா, ஒரு காலத்தில் காவலரின் கெடுபிடிக்கு ஆளாயிற்று. பின்னர் அந்நாட்டின் அடையாளமாகவே உயர்ந்தது.

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒலிக்கும் பறையும் வட்டத் தோற்கருவியே. சாதியின் பெயரால் அதன்மீதும் இழிவு சுமத்தப்பட்டது. அப்பறையைப் பலருக்கும் பயிற்றுவித்த மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. காலம் மாறுகிறது, நம் கல்விமுறையும் மாறவேண்டாவா?

ஆண்டுதோறும் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையொன்றைத் தமிழ்த்துறை நடத்தவேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதல் நாள், மாணவர் பறையைத் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துப் பழகட்டும். தோல் இறுக இறுக ஓசை மாறுவதைத் தாமே உணரட்டும். மறுநாள், தாயிராக் கலைஞரோடு அமர்ந்து பாடி, பாட்டு வந்த வழியை வினவிப் பதிவு செய்யட்டும். வரும் கலைஞர், விழாவில் வாசித்துவிட்டு ஓரமாய் நிற்பவர் அல்லர். அன்று அவரே ஆசிரியர். அதற்குரிய இருக்கையும் மதிப்பூதியமும் அவருக்கு உரியவை.

இசை என்றவுடன் தயங்கும் பெரியோரும் உளர். அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். எனினும் மணவிழாவில் தஃப் கொட்டுதற்கு நபிமொழிகளில் இடமுண்டு என்பதை அவர்கள் அறிவர். எல்லையை அவர்களே வகுத்துத் தரட்டும். கதவை மட்டும் அடைத்துவிட வேண்டா.

தாயிரா பழகிய கைகள் முதுமை எய்துகின்றன. அக்கைகள் ஓயுமுன் இளங்கைகள் பழகவேண்டும். இன்ஷா அல்லாஹ், வரும் கல்வியாண்டிலேயே அது தொடங்கட்டும்.