தண்ணியில போன தூண்டிலும் பாதாளக் கரண்டியும்

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. நன்னிலத்துல மத்தியானத்துக்கு மேல எனக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு தூக்கம், இன்னொண்ணு தூண்டில். தூக்கத்தைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை. அதனால தூண்டில்.

மீன் பிடிக்கிறது எப்படின்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்லப்போறது வேற. தூண்டிலைத் தொலைக்கிறது எப்படி, தொலைக்காம இருக்கிறது எப்படி. இந்த விஷயத்துல எனக்கு நல்ல அனுபவம் உண்டு. இதுவரைக்கும் ஆத்துக்கும் குளத்துக்கும் நான் தாரை வார்த்த தூண்டில் மொத்தம் மூணு. பி.காம் படிக்கிறவன் இல்லையா, கணக்கு கீழே:

1. ஏழாவது படிக்கும்போது. தாத்தா வெட்டிக்கொடுத்த மூங்கில் தூண்டில். குளத்துப் படியில வெச்சிட்டு ஐஸ் வண்டி பின்னாடி ஓடினேன். திரும்பி வந்தா ஐஸ் மட்டும்தான் கையில. அடக்கவிலை பூஜ்யம், அழுகை ஒரு நாள்.

2. பிளஸ் டூ படிக்கும்போது. ரெண்டு துண்டா மாட்டுற ஃபைபர் தூண்டில். மாட்டின இடத்தை இறுக்கிப் பார்க்காம வீசினேன். முன்பாதி கழண்டு நரம்போட போய் பாசியில மாட்டிக்கிச்சு. இழுத்தேன். நரம்பு அறுந்தது, பாதித் தூண்டில் போச்சு.

3. போன வருஷம் புரட்டாசியில. சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த ரீல் வெச்ச தூண்டில். இதைத்தான் கொஞ்சம் விவரமா சொல்லணும்.

முடிகொண்டான் ஆத்துல தண்ணி நல்லா ஓடிக்கிட்டிருந்த நேரம். படித்துறையில ஒரு கவட்டைக் குச்சியை நட்டு அதுல தூண்டிலைச் சாய்ச்சு வெச்சிட்டு, நானும் நண்பனும் செல்போன்ல மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தோம். "டர்ர்"னு ஒரு சத்தம். நிமிர்ந்தா தூண்டிலோட அடிக்கட்டை படியைத் தாண்டி தண்ணிக்குள்ள போகுது. வாளையா, பெரிய விராலான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

யோசிக்கவே இல்லை, குதிச்சிட்டேன்.

எனக்கு நீச்சல் தெரியும். குளத்து நீச்சல். ஓடுற தண்ணி வேறன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு கை போடறதுக்குள்ள படித்துறை பத்து பதினைஞ்சு அடி பின்னாடி போயிடுச்சு. காலுக்குத் தரை எட்டலை. ஈரத்துல லுங்கி காலைச் சுத்திக்கிச்சு. கொஞ்ச தூரத்துல கரையோரம் சாஞ்சு கிடந்த காட்டாமணக்குப் புதர்தான் கையில கிடைச்சுது. அதைப் பிடிச்சுத் தொங்கினேன். நண்பன் கரையிலேயே ஓடி வந்து துண்டை வீசி இழுத்தான். அங்கே குளிச்சிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "ஏந் தம்பி, நீ மீனைப் புடிக்க வந்தியா, மீன் உன்னைப் புடிக்க வந்துச்சா?"ன்னு கேட்டார். அப்போ எனக்குச் சிரிப்பு வரலை.

அந்தப் புதருக்கு அப்பால பிடிக்க ஒண்ணும் கிடையாது. அதுக்குக் கீழே மதகு. இதை வீட்டுல இன்னும் சொல்லலை. சித்தப்பாகிட்ட "பஸ்ல மறந்துட்டேன்"னு சொல்லி வெச்சிருக்கேன். :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்க பாடத்துல 'சங்க் காஸ்ட்'னு ஒண்ணு வரும். தமிழ்ல மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவாகி, இனிமே என்ன செஞ்சாலும் திரும்ப வராத காசு. அடுத்து என்ன செய்யலாம்னு முடிவு பண்ணும்போது அதைக் கணக்குலயே சேர்க்கக் கூடாதுன்னு வாத்தியார் சொல்லுவார். பரீட்சையில அஞ்சு மார்க் கேள்விக்குப் பத்தி பத்தியா எழுதியிருக்கேன். நிஜமாவே ஒரு செலவு கண்ணு முன்னால மூழ்கினப்போ பின்னாடியே குதிச்சவனும் நான்தான்!

இன்னொரு பாடமும் உண்டு. கன்சைன்மென்ட் கணக்குல 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்'னு ரெண்டு நட்டம் வரும். நிலக்கரி ஏத்தி இறக்கும்போது கொஞ்சம் சிந்தும், எண்ணெய் கொஞ்சம் ஆவியாகும். அது நார்மல். இப்படி ஆகும்னு முன்னாடியே தெரியும், அதை விலையிலேயே சேர்த்துக்குவாங்க. திருட்டு, தீ விபத்து எல்லாம் அப்நார்மல். தூண்டில் ஆத்தோட போறதை நாம எல்லாரும் ரெண்டாவது வகையிலதான் வெச்சிருக்கோம். "எதிர்பாராம போயிடுச்சு"ன்னு சொல்றோம். இதுல எதிர்பாராதது என்ன இருக்கு? பத்து வருஷத்துல எனக்கு மட்டும் மூணு. கூட்டாளிங்களைக் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தன்கூட தொலைக்காதவன் இல்லை. மீன் இழுக்கும்னு நம்பித்தானே தூண்டிலே போடறோம்? அது இழுக்கும்போது மட்டும் அதிர்ச்சியானா எப்படி?

என் கருத்து இதுதான்: தூண்டில் தண்ணியில போறது விபத்து இல்லை, நார்மல் லாஸ். நார்மல்னு ஒத்துக்கிட்டா முன்னேற்பாடு தானா வரும். விபத்துன்னு நினைச்சா அந்த நேரத்துல பதறிக் குதிக்கத்தான் தோணும்.

நம்ம முன்னோருக்கு இது தெரிஞ்சிருக்கு. கிணத்துல வாளி விழறதை அவங்க விபத்தா நினைக்கலை. அதுக்குன்னே ஒரு சாமான் செஞ்சு வெச்சிருந்தாங்க. அதுதான் பாதாளக் கரண்டி. இரும்பு வளையத்துல கொத்துக் கொத்தா கொக்கி தொங்கும். கயித்துல கட்டி கிணத்துல இறக்கி அலசினா வாளி, செம்பு, குடம் எல்லாம் மாட்டிக்கிட்டு வரும். தெருவுக்கு ஒரு வீட்டுலயாவது இருக்குமாம். எங்க அப்பாயி சொல்லும்: சும்மா தர மாட்டாங்க, நம்ம வீட்டுலேர்ந்து ஒரு பாத்திரத்தைக் கொண்டு போய் ஈடா வெச்சிட்டுத்தான் எடுத்துட்டு வரணும். செக்யூரிட்டி டெபாசிட்! வாளிக்காக யாரும் கிணத்துல குதிக்கலை பாருங்க.

அந்தப் புத்தியை ஆத்தங்கரைக்கும் கொண்டு போகலாம். நான் இப்போ கடைப்பிடிக்கிறது இவ்வளவுதான்:

முதல்ல, கையில இல்லாத தூண்டில் கட்டி இருக்கணும். அடிக்கட்டையில ரெண்டு மீட்டர் கயிறு, மறுமுனை மரவேர்லயோ நல்லா அடிச்ச முளைக்குச்சியிலயோ. செலவு பத்து ரூபாய். ஆனா மணிக்கட்டுலயோ கால்லயோ மட்டும் கட்டிக்காதீங்க. தூண்டில் போனா நீங்களும் கூடப் போக வேண்டியிருக்கும். சின்னப் பசங்க இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு உட்காருவாங்க. பார்த்தா அவிழ்த்து விடுங்க.

ரெண்டாவது, ரீல் வெச்ச தூண்டில்னா 'டிராக்' திருகைத் தளர்த்தி வைங்க. மீன் இழுத்தா நரம்பு மட்டும் ஓடும், கழி இருந்த இடத்துலயே இருக்கும். என்னோடது இறுக்கமா இருந்துது. அதனாலதான் மீன் கழியோட சேர்த்து இழுத்துக்கிட்டுப் போச்சு. கயிறும் கட்டி டிராக்கையும் இறுக்கி வெச்சா கழி தப்பிக்கும், நரம்பு அறுந்துடும். அதனால ரெண்டையும் சேர்த்துச் செய்யணும்.

மூணாவது, மிதப்பு. மூங்கில் மிதக்கும். அதனாலதான் தாத்தா காலத்துல தூண்டில் போனாலும் எங்கேயாவது கரை ஒதுங்கும். ரீல் மாட்டின ஃபைபர் தூண்டில் கல்லு மாதிரி முழுகிடும். மூடி இறுக்கின அரை லிட்டர் காலி பாட்டில் ஒண்ணு கிட்டத்தட்ட அரைக் கிலோவைத் தாங்கும். அதை மூணு மீட்டர் கயித்துல அடிக்கட்டையோட கட்டி விட்டா, தூண்டில் போனாலும் பாட்டில் மேல நின்னு இடத்தைக் காட்டும். வீசும்போது அவிழ்த்துக்கலாம், தரையில வைக்கும்போது மாட்டிக்கலாம்.

நாலாவது, நரம்பு எங்கேயாவது மாட்டினா கழியை வில்லா வளைச்சு இழுக்காதீங்க, முறியும். கையில சுத்தியும் இழுக்காதீங்க, அறுக்கும். ஒரு குச்சியில நாலு சுத்து சுத்தி, நேரா பின்னாடி நடங்க.

அஞ்சாவது, இவ்வளவும் செஞ்சும் போயிடுச்சுன்னா பாதாளக் கரண்டி மாதிரி ஒரு கொக்கிக் கொத்தைக் கயித்துல கட்டி கரையிலேர்ந்து வீசுங்க. தூண்டில் விழுந்த இடத்தைத் தாண்டி வீசி மெதுவா இழுக்கணும். கழி மாட்டாட்டியும் நரம்பு மாட்டும். நரம்பு கிடைச்சா தூண்டிலும் வந்துடும். வரலையா, வீட்டுக்குப் போங்க. தண்ணிக்குள்ள இறங்காதீங்க.

"நூறு ரூபாய் மூங்கிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? போனா வேற வெட்டிக்கலாம்"னு நண்பன் ஒருத்தன் கேட்டான். காசு மட்டும்தான் விஷயம்னா அவன் சொல்றது சரி. ஆனா போறது கழி மட்டும் இல்லையே, நரம்பும் முள்ளும் கூடப் போகுதே. தாத்தாவோட தாத்தா காலத்துல பருத்தி நூல், மக்கிடும். நைலான் 1935-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சது. தூண்டில் நரம்பு சிதைய 600 வருஷம் ஆகலாம்னு அந்த நாட்டுக் கடல் மாசு பட்டியல்கள்ல ஒரு மதிப்பீடு உண்டு. 600 வேண்டாம், 60-ன்னே வெச்சுக்குங்க. நான் பிளஸ் டூவுல விட்ட நரம்பு என் பேரனுக்கும் இருக்கும்.

ஆத்துல அதோட சேர்ந்து யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. ஆடிப்பெருக்குக்கு இறங்குறவங்க, மாடு குளிப்பாட்டுறவங்க, படியிலேர்ந்து பல்டி அடிக்கிற பசங்க. அப்புறம் முழுகி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் பாம்புத்தாராவும். நம்ம திருவாரூர் மாவட்டத்துலயே வடுவூர், உதயமார்த்தாண்டபுரம்னு ரெண்டு பறவைகள் சரணாலயம் இருக்கு. 2022-ல ரெண்டுமே ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்போ நாமளும் பெருமைப்பட்டோம். அந்தப் பறவைங்க சரணாலயத்துக்குள்ளேயே சாப்பிட்டுக்கிட்டு இருக்காது, நம்ம வயலுக்கும் வாய்க்காலுக்கும்தான் வரும். பிரிட்டன்ல தூண்டில்காரங்க விட்ட ஈயக்குண்டைத் தின்னு அன்னப்பறவைங்க செத்ததால, 1987-ல சின்ன ஈயக்குண்டுகளுக்கே தடை போட்டாங்க. நம்ம ஊருல அதே ஈயம்தான் இன்னும் பல்லால கடிச்சு நரம்புல மாட்டறோம். (தயவுசெஞ்சு கடிக்காதீங்க. ஒரு நட்டோ போல்ட்டோ கட்டினா போதும்.)

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். மேட்டூரை வழக்கமா ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுவாங்க. 2024-ல தண்ணி இல்லாம ஜூலை 28-லதான் திறந்தாங்க, 2025-ல மறுபடி ஜூன் 12-லயே திறந்துட்டாங்க. எப்போ திறந்தாலும் மூடினதுக்கு அப்புறம் எங்க பக்கம் ஆறு வத்தி மணலும் குட்டையுமா ஆயிடும். இந்த வருஷம் பங்குனியில நானும் நண்பனும் சித்தப்பா தூண்டிலைத் தேடி படித்துறையிலேர்ந்து மதகு வரைக்கும் ஆத்துக்குள்ளேயே நடந்தோம். தூண்டில் கிடைக்கலை. நான் பிடிச்சுத் தொங்கின காட்டாமணக்குப் புதர் இருந்துது. அதோட வேர்ல ஒரு பெரிய நரம்புச் சிக்கல். யார் யார் விட்டதோ. சிக்கலுக்குள்ள ஒரு தண்ணிப்பாம்பு காஞ்சு கிடந்துச்சு, பக்கத்துல நாலு முள், ரெண்டு தக்கை. போன புரட்டாசியில அந்த நரம்புக்குப் பக்கத்துலதான் என் காலும் அடிச்சிக்கிட்டிருந்துதுன்னு நினைச்சப்போ வயித்தைக் கலக்கிச்சு.

கத்தரியால வெட்டி எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வந்தோம். அரை மணி நேர வேலைதான். அடுத்த பங்குனியிலயும் போகப்போறோம். நன்னிலம் பக்கம் இருக்கிறவங்க வர்றதுன்னா வாங்க. செருப்பு மட்டும் கட்டாயம் போட்டுக்கிட்டு வாங்க, மணல்ல முள் கிடக்கு. அதுல ஒண்ணு என்னோடதாக்கூட இருக்கலாம்.

பி.கு: சித்தப்பா தீபாவளிக்கு வர்றார். பஸ் கதையை இன்னும் நம்புறாரான்னு தெரியலை. இந்த முறை நிஜத்தைச் சொல்லிடலாம்னு இருக்கேன். திட்டட்டும். திட்டு வாங்க ஆள் இருக்கிறதே பெரிய விஷயம்தானே.