புளிசாதம் என்ன வெடிகுண்டா?

தீம் பார்க் வாசல்ல பையைத் துழாவி சாப்பாட்டை எடுத்து வெளிய வைக்கிறாங்களே, இது என்ன நியாயம்னு கேட்டுப் பாருங்க. உடனே மூணு பதில் வரும். "நம்ம ஜனங்க குப்பை போடுவாங்க சார்." "பாதுகாப்பு சார்." "அவன் இடம், அவன் ரூல், பிடிக்கலைன்னா போகாதே." இதைச் சொல்றது பார்க் முதலாளி இல்லை மக்களே. ஆயிரக்கணக்குல காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, உள்ள போய் ஆறிப்போன ஃப்ரைட் ரைஸுக்கு இன்னொரு தடவை காசு அழுத நம்மாளுங்கதான். எனக்குக் கடுப்பே அதுலதான்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பார்க்குக்குள்ள எதையும் கொண்டுபோகக்கூடாதுன்னு விதியே இருக்கக்கூடாதுன்னு நான் சொல்லலை. கண்ணாடி பாட்டில் வேண்டாம்னா சரிதான், வெறுங்காலோட குழந்தைங்க ஓடுற தண்ணி பார்க்குல அது உடைஞ்சா என்ன ஆகும்? சாராயம் வேண்டாம், கத்தி வேண்டாம், ட்ரோன் வேண்டாம். எல்லாம் சரி. 2015 ஜூன்ல கலிஃபோர்னியா டிஸ்னி பார்க்குல ஓடிட்டிருந்த ரோலர் கோஸ்டர்ல ஒருத்தர் செல்ஃபி குச்சியை நீட்டப்போய் வண்டியையே நிறுத்த வேண்டியதாச்சு. அந்த மாசக் கடைசியிலயே அமெரிக்க டிஸ்னி பார்க்குகள்ல செல்ஃபி குச்சிக்குத் தடை போட்டாங்க. யாராவது தப்புன்னு சொல்ல முடியுமா? நம்ம ஊர் தண்ணி பார்க்குல பருத்தித் துணியோட இறங்காதேங்கறாங்க. நூல் பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும், அதுவும் நியாயம்தான். (நைலான் டிரஸ்ஸை அவங்களே கேட் பக்கத்துல விக்கிறதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்.)

இந்த விதிங்க எல்லாத்துலயும் ஒரு பொருள் இருக்கு, அது உண்டாக்குற ஆபத்து ஒண்ணு இருக்கு. புளிசாதம் உண்டாக்குற ஆபத்து என்னன்னு யாராவது சொல்லுங்க. உள்ள விக்கிற லெமன் ரைஸ் உண்டாக்காத ஆபத்தா இருக்கணும், அவ்வளவுதான். குப்பைன்னா, அவங்க பேப்பர் தட்டும் ப்ளாஸ்டிக் ஸ்பூனும் குப்பை இல்லையா? எங்க அம்மா கொண்டுவர்ற எவர்சில்வர் தூக்கு திரும்ப வீட்டுக்குத்தானே வரும்!

சரி, நான் சொல்றதை நம்ப வேண்டாம். நம்ம தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரே சாஃப்ட்வேரை ரெண்டு இடத்துல வேற வேற செட்டிங்ல ஓட்டிப் பார்த்து, எது எதனாலன்னு கண்டுபிடிக்கறது. அந்தச் சோதனையை டிஸ்னி கம்பெனியே செஞ்சு வெச்சிருக்கு.

கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா டிஸ்னி பார்க்குகள்ல சொந்த சாப்பாடு கொண்டுபோகலாம். சாராயமும் கண்ணாடிப் பாத்திரமும் கூடாது. அங்க விதிகள் ஒண்ணும் தளர்வு இல்லை. 2019 மே மாசத்துல இருந்து, இவ்வளவு அகலத்துக்கு மேல குழந்தைத் தள்ளுவண்டி வரக்கூடாதுன்னு அங்குலக் கணக்குல சொல்றாங்க, 31-க்கு 52. கூலர் பெட்டியில உதிரி ஐஸ் கூட கூடாது. தள்ளுவண்டியை அளந்து பார்க்கிற அந்த ஊர்லயே சாண்ட்விச்சைத் தடுக்கலை. அதனால பார்க் நாறிப்போச்சா? உள்ள இருக்கிற ஹோட்டலை எல்லாம் இழுத்து மூடிட்டாங்களா?

இப்ப ஷாங்காய்க்கு வாங்க. அங்க 2016 ஜூன்ல திறந்த டிஸ்னிலேண்ட்ல ஆரம்பத்துல சாப்பாடு கொண்டுபோக விட்டாங்க. 2017 நவம்பர்ல திடீர்னு தடை. 2019 ஜனவரியில ஒரு சட்டக் கல்லூரி மாணவி சுமார் 46 யுவானுக்கு நொறுக்குத் தீனி வாங்கிட்டுப் போக, வாசல்ல பையைச் சோதிச்சு உள்ள விடலை. நாமளா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு நடையைக் கட்டியிருப்போம். அந்தப் பொண்ணு கேஸ் போட்டுச்சு. ஆசியாவுல இருக்கிற மத்த டிஸ்னி பார்க்குகள்லயும் இதே விதிதான்னு பார்க் தரப்பு சொல்லிச்சு. அமெரிக்காவுலயும் பாரீஸ்லயும் ஏன் இல்லைன்னு ஊரே கேட்டுச்சு. அதுக்கு யார்கிட்டயும் உருப்படியான பதில் இல்லை.

2019 செப்டம்பர்ல சமரசமா முடிஞ்சு, அந்தப் பொண்ணுக்கு 50 யுவான் கொடுத்தாங்க. விஷயம் அந்த 50 யுவான்ல இல்லை. விதியே மாறிச்சு. சூடு பண்ண வேண்டியது, குளிர்ல வைக்க வேண்டியது, மூக்கைத் துளைக்கிற வாசனை உள்ளது, இதெல்லாம் வேண்டாம். மத்தபடி நீங்க சாப்பிடறதுக்கு நீங்க கொண்டு வரலாம்னு ஆச்சு. ஒரே பார்க்குல முதல்ல அனுமதி, அப்புறம் தடை, மறுபடி அனுமதி. உண்மையிலேயே பாதுகாப்புப் பிரச்சினையா இருந்தா ஒரு கல்லூரிப் பொண்ணோட மனுவுக்கு அது கரைஞ்சு போகுமா? ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தி வெச்ச செட்டிங் அது. எங்க ஜனங்க எதிர்த்துக் கேக்க மாட்டாங்களோ, அங்க தடையை ஆன் பண்ணி வெக்கிறது. "நம்ம ஜனங்க குப்பை போடுவாங்க"ன்னு நாமளே சொல்லி அந்த செட்டிங்கை நியாயப்படுத்தறோம்.

டோக்கியோவுல சாப்பாட்டுக்குத் தடைதானேன்னு ஒரு புத்திசாலி கேப்பார். ஆமாங்க, தடைதான். ஆனா கேட்டுக்கு வெளிய உக்காந்து டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க, சாப்பிட்டுட்டுத் திரும்ப உள்ள போகலாம். ப்ளாஸ்டிக் தண்ணி பாட்டிலையும் ஃப்ளாஸ்க்கையும் தடுக்கறதில்லை. நம்ம ஊர்ல அதையாவது செய்யறாங்களா?

போன வருஷம் நம்ம மாநிலத்துலயே ஒரு பார்க்குக்குக் குடும்பத்தோட போனோம் (பேர் வேண்டாம், எல்லாம் ஒரே லட்சணம்தான்). அம்மா காலைல நாலு மணிக்கு எழுந்து கிளறின புளிசாதம், அப்பாவுக்கு சுகர்ங்கறதால நாலு சப்பாத்தி தனியா. ரெண்டும் மேஜை மேல போச்சு. "சாயங்காலம் வாங்கிக்கங்கம்மா"ன்னாங்க செக்யூரிட்டி அக்கா. சித்திரை வெயில்ல சாயங்காலம் அது என்ன கதியில இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பிடணும்னு சொன்னா, டாக்டர் சீட்டு காட்டுங்கன்னாங்க. சப்பாத்திக்கு டாக்டர் சீட்டு! அந்த அக்கா மேல எனக்குக் கோபமே இல்லை. அவங்க நாற்காலிக்கு அடியில அவங்க சாப்பாட்டுத் தூக்கு இருந்துச்சு, உள்ள விக்கிற விலைக்கு அவங்களாலயும் வாங்கிச் சாப்பிட முடியாது.

மூணாவது பதிலுக்கு வர்றேன், "அவன் இடம், அவன் ரூல்." இதுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே தூக்கிட்டு வருவாங்க. 2023 ஜனவரி 3-ல வந்தது அது. சினிமா தியேட்டர் தனியார் இடம், வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம்னு சொல்லி, ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-ல போட்ட உத்தரவை ரத்து பண்ணினாங்க. ஆனா அதே வழக்குல, சுத்தமான குடிதண்ணி இலவசமா வைக்கணும், கைக்குழந்தைக்கான சாப்பாட்டைத் தடுக்கக்கூடாதுன்னும் இருக்கு. தீர்ப்பைக் காட்டறவங்க இந்தப் பாதியை மட்டும் சௌகரியமா மறந்துடுவாங்க.

அதோட, தியேட்டர்ல உக்காரறது மூணு மணி நேரம். பசிச்சா வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கலாம். தீம் பார்க்குல காலைல பத்து மணிக்கு நுழைஞ்சா சாயங்காலம் வரைக்கும் உள்ளதான். நிறைய இடத்துல வெளிய போனா திரும்ப விடறதும் இல்லை. ஒரு வேளை சாப்பாட்டை எங்கயாவது சாப்பிட்டே ஆகணும். அடைச்சு வெச்சுட்டு, சாப்பாடும் என்கிட்டதான் வாங்கணும்னா அதுக்குப் பேரு வேற. எங்க ஐ.டி. பார்க்கும் தனியார் இடம்தான், ஃபுட் கோர்ட்டும் இருக்கு. டிபன் பாக்ஸைக் கேட்ல பிடுங்கினா மறுநாள் ஒருத்தன் ஆணி புடுங்க வருவானா?

2019-ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நியாயமில்லாத ஒப்பந்தம்னு ஒரு பிரிவே இருக்கு. நியாயமில்லாத நிபந்தனையைத் திணிச்சு வாங்கறவனைப் பாதகமான நிலைக்குத் தள்ளினா கேக்கலாம். ஆனா அந்தப் புகாரோட மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போகணும். நாலு சப்பாத்திக்காக சென்னைக்கு வக்கீல் வெச்சு யார் அலைவா? அந்த தைரியத்துலதான் போர்டு மாட்டி வெச்சிருக்காங்க.

அண்டா பிரியாணியை உள்ள விடுன்னு கேக்கலை. தண்ணி பாட்டிலை விடு. குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் சுகர் இருக்கறவங்களுக்கும் கேள்வி கேக்காம சாப்பாட்டை விடு. மத்தவங்களுக்கு ஷாங்காய்ல போட்ட அதே விதியைப் போடு. அதுவும் முடியாதுன்னா கேட்டுக்கு வெளிய நிழல்ல நாலு பெஞ்சு போட்டு, கையில முத்திரை குத்தித் திரும்ப உள்ள விடு. எதை விடுவே, எதை விட மாட்டேங்கறதை டிக்கெட்டுக்குக் காசு கட்டற பக்கத்துலயே தமிழ்ல பெரிய எழுத்துல போடு.

டிஸ்கி: "பெரிய பருப்பு மாதிரி பேசறியே, நீ கேஸ் போட்டியா?"ன்னு கேக்க வர்ற அனானி அண்ணாச்சிக்கு: அப்பாவோட சப்பாத்தி மேட்டரை டிக்கெட் நகலோட பார்க் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கேன், ஒப்புகைச் சீட்டு வந்துடுச்சு, பதில் வரலை. இதே மாதிரி கேட்ல சாப்பாட்டை விட்டுட்டுப் போனவங்க தேதியும் டிக்கெட்டும் கைவசம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த கடுதாசியில பத்து பேர் கையெழுத்தா போட்டு அனுப்பலாம்.