அச்சேறும் உரிமை

சிவகாசி நமக்குப் பக்கத்து ஊர். இந்திய வீடுகளின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் பெரும்பங்கு அங்கே அச்சாகிறது. அச்சு இயந்திரத்தின் ஓசை நம் மாவட்டத்து மக்களுக்குக் கோயில் மணியோசை போலப் பழகிப்போன ஒன்று. தாள் ஏற்றுபவர், மை இடுபவர், மடிப்பவர், தைப்பவர் என்று எல்லாத் தெருக்களைச் சேர்ந்தவர்களும் அந்த இயந்திரங்களைச் சுற்றி உழைக்கிறார்கள். ஆனால் எதை அச்சிடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் எல்லாத் தெருக்காரர்களும் அமர்ந்திருக்கிறார்களா? இந்த வினாவை நம் கல்லூரி மலரில் எழுப்புவது பொருத்தம் என்று எண்ணுகிறேன். ஏனெனில், இம்மலரும் ஓர் அச்சேடுதான். இதற்கும் ஒரு நாற்காலி உண்டு.

முதலில் கடல் கடந்து பார்ப்போம். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஓர் ஆய்வை வெளியிட்டது. 1950 முதல் 2018 வரை பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட புனைகதை நூல்களுள், ஆசிரியரின் இனம் தெரிந்த 7,124 நூல்களை எடுத்து எண்ணினார்கள். அவற்றில் நூற்றுக்கு 95 வெள்ளையர் எழுதியவை. 2018ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு 89 அவர்களுடையவையே. காரணம் என்ன? கறுப்பர்களுக்கு எழுத வராதா? அப்படிச் சொல்ல யாருக்கும் நா எழாது. காரணத்தை வேறோர் எண்ணிக்கை காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு லீ அண்டு லோ என்னும் பதிப்பகம் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டுப் பதிப்பகங்களில் நூல்களைத் தேர்ந்தெடுத்துச் செப்பனிடும் பிரிவினரில் நூற்றுக்கு 85 பேர் வெள்ளையர்.

இதற்கு எதிர்ச்சான்றும் அங்கேயே உண்டு. பின்னாளில் 1993ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன், அதற்கு முன்பு ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராகப் பணியாற்றியவர். 1983இல் அவர் அங்கிருந்து விலகுவதற்குள் கெயில் ஜோன்ஸ், டோனி கேட் பம்பாரா, ஏஞ்சலா டேவிஸ் முதலிய கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள் அவர் கைவழியே வெளிவந்தன. ஒரு நாற்காலியில் ஆள் மாறியது. ஒரு தலைமுறையின் குரல் அச்சேறியது.

நம் நாட்டில் நிறம் நிற்கும் இடத்தில் சாதி நிற்கிறது. இரண்டும் ஒன்றே என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் இரண்டின் வலியையும் உணர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். 1946ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்; அவரும் அன்போடு மறுமொழி எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் சிறுத்தைகள் எனப் பெயரிட்டபோது, அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளை நினைத்தே பெயரிட்டார்கள்.

அம்பேத்கரின் புகழ்பெற்ற 'சாதி ஒழிப்பு' நூல் எப்படி அச்சேறியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1936இல் லாகூரில் ஒரு சீர்திருத்தச் சங்கத்தின் மாநாட்டில் ஆற்றுவதற்கென எழுதப்பட்ட தலைமையுரை அது. சில பகுதிகளை மாற்ற வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்றார் அண்ணல். மாநாடே நின்றுபோயிற்று. அவர் தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு. படிப்பவர் இல்லை என்பது பொய், மேடை கொடுப்பவர்தாம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டு வரலாறு இதைவிட நீளமானது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாக எறியப்பட்ட சொல்லை எடுத்து இதழின் நெற்றியில் பொறித்த துணிவு அது. 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1914இல் மறையும் வரை ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் வரலாறு, சமயம், மருத்துவம், மொழி என்று அவர் எழுதிக் குவித்தார். திருக்குறள் ஏட்டுச்சுவடியை ஆங்கிலேய அதிகாரி எல்லீசுக்குக் கிடைக்கச் செய்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு எழுதியவரின் எழுத்துக்கள் என்னவாயின? கோலார் தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தது. பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்த தொழிலாளர் வாழ்ந்த ஊர்தான் அந்தத் தமிழையும் காப்பாற்றிற்று. தமிழகத்தின் பெரிய பதிப்பகங்களோ திரும்பிப் பார்க்கவில்லை. இறுதியில் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரு பெருந்தொகுதிகளாக அவர் சிந்தனைகளை வெளியிட்டது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! இந்த இடைவெளியில் பாடநூல்களும் இலக்கிய வரலாறுகளும் எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. அச்சில் இல்லாதவர் வரலாற்றிலும் இல்லாதவர் ஆகிவிடுகிறார். பதிப்பில் நிலவும் ஏற்றத்தாழ்வின் முழுக்கொடுமை இதுதான்.

இனி நம் மண்ணுக்கே வருவோம். வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி நமக்குத் தொலைவில்லை. அவ்வூர்ப் பக்கமிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பர்களும் உண்டு. அந்த ஒரே ஊர், ஒரே வீடு, தமிழுக்கு இரண்டு எழுத்தாளர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் 'தலித் பண்பாடு', 'சிலுவைராஜ் சரித்திரம்' முதலிய நூல்களை எழுதி, 2024ஆம் ஆண்டு மறைந்த ஆய்வாளர் ராஜ் கௌதமன். மற்றவர் அவருடைய தங்கை பாமா.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. வெளியிட்டது யார்? சென்னையின் பெரிய பதிப்பகம் எதுவுமன்று. மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு மாக்மில்லன் வெளியீடாக 2000ஆம் ஆண்டு வந்து கிராஸ்வேர்டு விருதும் பெற்றது. பனங்கருக்கால் கீறிக்கொண்டே விறகு பொறுக்கிய நம் பகுதிப் பிள்ளையின் கதை உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாராட்டுக்குரியது, ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அயோத்திதாசருக்கும் ஆய்வு மையம், பாமாவுக்கும் ஆய்வு மையம். வணிகத் தெருவின் தலைவாசல் வழியே இவர்கள் நுழையவில்லை. பக்கவாசல் ஒன்றை யாரோ திறந்துவிட வேண்டியிருந்தது. திறந்துவிட ஆளில்லாமல் எத்தனை கையெழுத்துப் படிகள் பரணில் செல்லரித்தனவோ!

"அந்நூலின் நடை கொச்சை, அதனால்தான் தயக்கம்" என்று சொல்வாருண்டு. இதே கரிசல் மண்ணின் பேச்சை எழுத்தில் ஏற்றியவர் கி. ராஜநாராயணன். கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தார். சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். தமிழுலகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, அது சரியே. அப்படியானால் பேச்சுமொழி இலக்கியம் ஆகாது என்னும் வாதம் அன்றே செத்துவிட்டது. ஊர்த்தெருவின் பேச்சு மண்வாசனை என்றால், சேரித்தெருவின் பேச்சு மட்டும் எப்படிக் கொச்சையாகும்?

இன்னொரு மறுப்பும் உண்டு. "காலம் மாறிவிட்டது. இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994இலேயே க்ரியா வெளியீடாக வந்தது. அவருக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. இன்னும் என்ன குறை?" என்பார்கள். மாற்றம் வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த எழுச்சியும், 1997இல் தொடங்கிய 'தலித் முரசு' போன்ற இதழ்களும், நவயானா, நீலம் போன்ற பதிப்பகங்களும் அந்த மாற்றத்தை உழைத்துக் கொண்டுவந்தன. தானாக வந்த மழையன்று; கிணறு வெட்டி எடுத்த நீர். ஆயினும் வாசலுக்குள் சிலர் அனுமதிக்கப்படுவது வேறு. சாவி கையில் இருப்பது வேறு. சாவி யார் கையில் என்பதை 2019ஆம் ஆண்டு இந்திய ஊடகங்களைப் பற்றி ஆக்ஸ்பாம் அமைப்பும் நியூஸ்லாண்டிரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எண்ணப்பட்ட 121 தலைமைப் பதவிகளில் 106 பதவிகள் உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. சாவி இல்லாதவர் உள்ளே இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பப்படலாம். 2021ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் கவிஞர் சுகிர்தராணியையும் நீக்கியதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு புத்தகக் கடையில் நான் 'கருக்கு' கேட்டேன். "தலித் புத்தகமெல்லாம் அந்தக் கடைசித் தட்டில்" என்று கை காட்டினார்கள். அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்குத் தேநீர்க்கடையின் தனித்தம்ளர் நினைவுக்கு வந்தது. தலித் இலக்கியம் என்பது போராடிப் பெற்ற பெயர், பெருமைக்குரிய பெயர். அதே வேளையில் இமையம் போன்றோர் தம்மை அந்தப் பெயருக்குள் அடைக்க வேண்டாம் என்று மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. எழுத்தாளர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பெயர் மாலை. மற்றவர் அவர்மேல் ஒட்டும் பெயர் முத்திரை. தமிழ் நாவல் என்னும் நடுத்தட்டில் 'கருக்கு' நிற்கும் நாளே நமக்கு வேண்டும்.

நம் திருவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு முதல் பென்னிங்டன் நூலகம் இருந்து வருகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் 1948இல் பிறந்ததும் சென்னை மாகாணத்தில்தான். அச்சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. கோபுரத்தைச் சுற்றியுள்ள மாடவீதியின் வீடும் அவ்வரியைக் கட்டுகிறது. ஊருக்கு வெளியே காலனியில் இருக்கும் வீடும் கட்டுகிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் பல நூலகக் கொள்முதலை நம்பியே நூல் வெளியிடுகின்றன என்பது பதிப்புலகம் அறிந்த செய்தி. ஆகவே நூலகத்துக்கு நூல் தேர்வு செய்யும் குழு எதை விரும்புகிறதோ, அதுவே அச்சாகும். வரி எல்லாத் தெருவிலிருந்தும் வருமானால், தேர்வு செய்யும் குழுவும் எல்லாத் தெருவிலிருந்தும் வரவேண்டும். இது சலுகை கேட்பதன்று. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது.

நான் இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பஞ்சைப் பயிரிட்டவர் ஒருவர், நூற்றவர் ஒருவர், விலை வைப்பவர் வேறொருவர் என்பதைச் சோற்றோடு சேர்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். வாழ்க்கையை வாழ்ந்தவர் ஒருவர், அதை எழுதுபவர் வேறொருவர், அதற்கு மதிப்பிடுபவர் இன்னொருவர் என்ற நிலை எழுத்திலாவது மாற வேண்டாமா?

எங்கோ இருப்பவர்களை நோக்கிக் கைநீட்டுவதோடு நம் கடமை முடியாது. நாமே செய்யக்கூடியவை மூன்று. ஒன்று: நம் கல்லூரி நூலகத்துக்கு வாங்கவேண்டிய நூல்களின் பட்டியலைத் துறைதோறும் மாணவர்களிடமும் கேட்க வேண்டும். அயோத்திதாசர் சிந்தனைகளும், புதுப்பட்டி தந்த இருவரின் நூல்களும் இல்லாத நூலகம் இப்பகுதியில் இருக்கலாகாது. இரண்டு: இம்மலரின் ஆசிரியர் குழுவில் எல்லா வகுப்பிலிருந்தும், எல்லா ஊர்களிலிருந்தும், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களிலிருந்தும் மாணவ மாணவியர் இடம்பெற வேண்டும். யாரேனும் தம் தெருப்பேச்சில் கதை எழுதித் தந்தால், சிவப்பு மையால் அதைச் செந்தமிழாக்கிவிடாமல் அப்படியே அச்சிட வேண்டும். எழுத்துப்பிழை வேறு, பேச்சுவழக்கு வேறு என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் எங்களைவிட நன்கறிவார்கள். மூன்று: விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் பழைய துண்டறிக்கை, சங்கக் குறிப்பேடு, பாட்டுப் புத்தகம் எதுவானாலும் எடுத்துவந்து நூலகத்தில் சேர்ப்போம். அவற்றுள் எந்தத் தாள் நாளைய ஆய்வாளருக்கு விளக்காகும் என்பதை யார் அறிவார்?

நண்பர்களே! அயோத்திதாசருக்கு 85 ஆண்டுகள் ஆயின. நம்மோடு கடைசி வரிசையில் அமர்ந்து, குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் தோழியும் தோழனும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மலருக்கு அவர்களிடம் போய்க் கேளுங்கள்.