பூஜ்ஜிய பர்சன்டைலும் 'தகுதி' என்னும் புரளியும்

2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தகுதி எல்லையை ஒன்றிய அரசு பூஜ்ஜிய பர்சன்டைல் ஆக்கியது. பொதுப்பிரிவு உட்பட எல்லாப் பிரிவினருக்கும். அதாவது, தேர்வு எழுதியவர்களில் கடைசி ஆள் வரை கலந்தாய்வுக்கு வரலாம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கும் தேர்வு இது. ஆகவே மைனஸில் மதிப்பெண் வாங்கியவரும் 'தகுதி' பெற்றவர்தான். அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். கேள்வியைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ஏதோவொரு விடையைக் குறித்து வைத்தால்கூட சராசரியாக 50 மதிப்பெண் வரும். நான்கில் ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 போகும், அவ்வளவுதான் கணக்கு.

'கோட்டாவில் வந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வீர்களா' என்று வருடம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாமாக்கள், நான் இருக்கும் குழுக்களில், அந்த வாரம் காலை வணக்கம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முடிவை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். இவர்கள் அனைவரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். நுழைவுத் தேர்வு இருக்கும் இடங்களுக்கு ஆட்களை வரிசைப்படுத்தத்தான். தரத்தை உறுதிசெய்வது படிப்பும் பயிற்சியும் இறுதித் தேர்வும். இடங்களை ஏன் காலியாக விட வேண்டும்?

புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வாதம் சரி. நான் கேட்பது ஒன்றுதான். உயிரியல் எடுத்துப் படித்து, ப்ளஸ் டூ தேறிய ஒரு பிள்ளைக்கு மட்டும் இது ஏன் பொருந்தாமல் போனது? அவளும் படிப்புக்கு வேண்டிய அடிப்படையை முடித்தவள்தானே? அவளை மருத்துவர் ஆக்குவதும் அடுத்த ஐந்தரை ஆண்டுப் படிப்பும் பயிற்சியும்தானே?

இளநிலை நீட்டின் எல்லை பொதுப்பிரிவுக்கு 50 பர்சன்டைல். இதை 50 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நான் வகுப்பெடுக்கும் புள்ளியியல் மாணவர்களே முதல் மாதம் குழம்புகிறார்கள். சதவீதம் நீங்கள் எடுத்த மதிப்பெண்ணைச் சொல்லும். பர்சன்டைல் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்லும். அடுத்த ஆண்டு எழுதும் அனைவரும் மேதைகளாக இருந்தாலும் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருப்பார்கள். அனைவரும் ஒன்றுமே தெரியாதவர்களாக இருந்தாலும் பாதிப்பேர் மேலே இருப்பார்கள். ஒருவருக்கு உடலியல் தெரியுமா, வேதியியல் தெரியுமா என்பதைப் பற்றி இந்த எண் ஒரு வார்த்தையும் பேசாது.

2023இல் அந்த 50 பர்சன்டைல் 720க்கு 137 மதிப்பெண்ணில் நின்றது. நூற்றுக்கு 19. பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கான 40 பர்சன்டைல் 107இல் நின்றது. 'தகுதியைக் கொன்றுவிட்டார்கள்' என்று ஒப்பாரி வைக்கப்படும் இடைவெளி 720க்கு 30 மதிப்பெண்தான்!

137 வாங்கியவர் அரசுக் கல்லூரியில் சேர முடியாது. பிறகு எதற்கு எல்லையை அவ்வளவு கீழே வைக்கிறார்கள்? அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1 லட்சம். ஓர் இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் 'தகுதியானவர்கள்'. இந்தப் பெருங்கூட்டத்திலிருந்து நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் ஆண்டுக்குப் பல லட்சம் கட்டக்கூடியவர்களைப் பொறுக்கி எடுப்பது எளிது. 500 வாங்கிய கூலித் தொழிலாளியின் மகள் கட்டணத்தைப் பார்த்து விலகுவாள். அவளைவிட 300 மதிப்பெண் குறைவாக வாங்கியவர் பணத்தோடு உள்ளே போவார். கல்லூரி முதலாளிக்கு ஆள் கிடைக்கிறது, அந்த ஆளுக்கு 'நீட் தேறியவர்' என்ற முத்திரையும் கிடைக்கிறது. முன்பு நன்கொடை என்று கூச்சத்தோடு வாங்கியதற்கு இப்போது அரசே சான்றிதழ் தருகிறது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியவர். நீட்டில் 86. அந்த 86ஐ வைத்து, ஒரு தலித் மூட்டைத் தூக்கும் தொழிலாளியின் மகளிடம் 'உனக்குத் தகுதி இல்லை' என்றார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். ஆறே ஆண்டுகளில் இன்னொரு நீட்டில் தகுதி எல்லை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. இரண்டும் வேறு வேறு தேர்வுகள்தான், தெரியும். ஆனால் 'தகுதி' என்ற சொல் ஒன்றே. யாருக்காக அது வளைகிறது, யார் முன்னால் விறைக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. கோழிப்பண்ணைப் பள்ளிகள் மனப்பாடம் செய்ய வைத்து இடங்களை அள்ளிய காலம் அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்போதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உள்ளே போனார்கள். பழைய முறையைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீட் அந்தக் குறையைச் சரிசெய்ததா? நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதி வந்தவர்கள் 2016-17இல் எட்டில் ஒருவர். 2020-21இல் பத்தில் ஏழு பேர். ஓராண்டோ ஈராண்டோ சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் படிக்க எந்தச் சாதி வீடுகளில் முடியும்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020இல் நாம் தனியாகச் சட்டம் போட்டுத்தானே கொண்டுவர வேண்டியிருந்தது?

அடுத்த கலந்தாய்வு முடிந்ததும் நாம் கேட்க வேண்டிய அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு கட்டண அடுக்கிலும், கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன? நிர்வாக ஒதுக்கீட்டின் கடைசி மதிப்பெண்ணையும் பட்டியல் சாதி ஒதுக்கீட்டின் கடைசி மதிப்பெண்ணையும் ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒட்டட்டும்.